இளைஞர் தேகப்பயிற்சியும் பொறுமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வில்லியனூர், பாகூர் வட்டாரத்து நம் பிள்ளைகள் ஓட்டத்திலும் கபடியிலும் காட்டும் ஊக்கம் யாவரும் அறிந்ததே. ஆயினும், பத்து வயதிற் கோப்பை பெற்றவர் பலர் பதினாறில் ஆடுகளத்தையே மறந்துவிடுகின்றனர். இதன் காரணத்தை ஆராய்வதே யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளாம்.

நம் புதுவை ஆட்சிப்பரப்பைச் சேர்ந்த மாகிக்கு அண்மையில், கேரள நாட்டிலே பையோலி என்னும் ஊர் உளது. அவ்வூரில் வளர்ந்த பி. டி. உஷா 1976-ஆம் ஆண்டில், தம் பன்னிரண்டாம் வயதில், கண்ணூரில் பெண்களுக்கென ஏற்பட்ட விளையாட்டுப் பள்ளியிற் சேர்ந்தார். ஓ. எம். நம்பியார் என்னும் ஆசிரியர் அவரைப் பயிற்றினார். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடியபொழுது அவருக்கு வயது 16, பதக்கம் கிட்டவில்லை. ஆசிரியரோ மாணவியைக் கைவிட்டாரல்லர். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, நூற்றிலொரு விநாடியால் மூன்றாமிடத்தை இழந்தார். மறு ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றார். ஒன்பதாண்டுப் பயிரின் அறுவடை அஃது. நாற்றங்காலிலே கதிரை எதிர்பார்க்கும் உழவன் பாகூரில் உண்டோ?

நிற்க. பயிற்சியை எங்ஙனம் வகுத்தல் வேண்டும்? சிறு பிள்ளைகளை ஒரே ஆட்டத்திற் கட்டிவைத்தல் ஆகாது. ஓடுதல், தாண்டுதல், எறிதல், நீந்துதல் அனைத்தும் விளையாட்டாகவே பழகுக. பெண்மக்கள் ஆண்மக்களினும் ஏறக்குறைய ஈராண்டு முன்னரே விரைந்து வளர்வர். அக்காலத்தில் எலும்பின் வளர்முனைகள் மென்மையாயிருத்தலின், முழங்காலிலும் குதிகாலிலும் நோவு தோன்றக்கூடும். மூன்று திங்களுக்கொருமுறை உயரம் அளந்து குறித்து, வளர்ச்சி விரையுங்கால் குதித்தலைக் குறைத்தல் நன்று. வாரப் பயிற்சி, வயதின் எண்ணளவான மணியைக் கடத்தலாகாது. பன்னிரண்டு வயதினர்க்குப் பன்னிரண்டு மணியே எல்லை. வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு வேண்டும். ஒவ்வொரு நாளும் முதலில் உடலைத் தளர்த்தி, களைப்புறுமுன் நுட்பம் பயிற்றி, பின்னர் ஆடவிட்டு, மெல்ல ஓய்வித்தல் முறையாம். ஓர் ஆட்டத்தைத் தேர்ந்து அதிலே ஊன்றுதல் பதினைந்துக்குப் பின்னர் ஆகுக.

பூப்பெய்திய பெண்ணையும், பத்தாம் வகுப்பு எய்திய பையனையும் அன்றே ஆடுகளத்தினின்று விலக்குதல் நம் இல்லங்களில் வழக்கமாயுள்ளது. முளைத்த பயிரை நாமே மிதித்தல் போன்றதன்றோ இது? ஆண்டுவிழாவிற் சிறுவர்க்கு வழங்கும் கோப்பைகளைக் குறைத்து, அப்பொருளை ஆண்டு முழுதும் நடக்கும் மாலைப்பயிற்சிக்குச் சங்கத்தார் செலவிடுவாராக. பெற்றோரும் பத்தாண்டு பொறுப்பாராக.