நான் படம் கேட்டேன், அப்பா படம் பார்த்தார்

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

எந்தப் படம் வந்தாலும் முதல் வாரத்துலயே பார்த்துடுற ஆள் நான். பார்த்து முடிச்சதும் யூடியூப்ல ‘இந்தப் படத்துல நீங்க கவனிக்காத 10 விஷயங்கள்’னு வர்ற வீடியோவையும் பார்த்துடுவேன். சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, பின்னாடி சுவத்துல தொங்குற காலண்டர்ல என்ன தேதின்னு காட்டுவாங்க. மறுநாள் அதையே நண்பர்கள்கிட்ட, நானே கண்டுபிடிச்ச மாதிரி சொல்லியிருக்கேன். அதான் வாக்குமூலம்.

அந்த அம்புக்குறி இல்லாம நானா ஒரு படத்துல எதையாவது கண்டுபிடிச்சிருக்கேனான்னு யோசிச்சா, கை விரல் விட்டு எண்ணிடலாம். இதை எனக்குப் புரியவெச்சது எங்க அப்பா. அவருக்குக் காது சரியாக் கேட்காது. அதுதான் இன்னிக்குக் கதை.

அப்பா கோயம்புத்தூர்ல ஒரு ஸ்பின்னிங் மில்லுல 30 வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். இப்போ ரிட்டயர் ஆகி எங்ககூட சென்னையில இருக்கார். மெஷின் சத்தத்துல கெட்டுப்போற காதுக்கு ஒரு குணம் உண்டு. எல்லா சத்தமும் ஒரே மாதிரி குறையாது. முதல்ல அடி வாங்குறது 4000 ஹெர்ட்ஸை ஒட்டின கீச்சுச் சத்தங்கள். பேச்சுல ச, த மாதிரி எழுத்துகளை ஒண்ணுல இருந்து ஒண்ணு பிரிச்சுக் காட்டுறதுக்கு அந்த உயரமான சத்தங்கள் வேணும். அதனால ஒருத்தர் பேசுறது கேட்கும், என்ன பேசுறார்னு பிடிபடாது. டிவி வால்யூமைக் கூட்டினா இரைச்சல்தான் கூடும். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது பெரும்பாலும் டப்பாவுலதான் இருக்கு.

அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்ச படம் 'மைக்கேல் மதன காமராஜன்'. 1990ல வந்தது, கிரேஸி மோகன் வசனம். கல்யாண வீட்டு சாம்பார்ல மீன் விழுற சீன் வந்தா, வசனம் வர்றதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சுடுவார். கிரேஸி மோகன் ஜோக்கெல்லாம் காதுக்கானது. ஒரு வார்த்தைக்கு நீங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது கடந்து போயிருக்கும். நல்லாக் காது கேட்கிறவங்களுக்கே பாதி தப்பிடும். அப்பாவுக்கு இப்போ முக்கால்வாசி இல்ல. பழைய ஞாபகத்துல சிரிக்கிறார்.

புதுப் படங்கள்ல அந்த ஞாபகமும் கிடையாது. சப்டைட்டில் பெரும்பாலும் இங்கிலீஷ்ல வருது, அவருக்குப் படிக்க வராது. ஆரம்பத்துல எங்ககூட உட்காருவார். நாங்க சிரிக்கிறப்போ திரும்பிப் பார்த்து, "என்ன சொன்னான்?"னு கேப்பார். நான், "ஒண்ணுமில்லப்பா, சும்மா ஒரு ஜோக்கு"ன்னுடுவேன். அடுத்த சீன் ஓடிட்டு இருக்கும்ல, எங்க நிறுத்தி விளக்குறது? கொஞ்ச நாள்ல கேக்கிறதை நிறுத்திட்டார். அப்புறம் படம் போட்டாலே பால்கனிக்குப் போயிடுவார். அவருக்கு சினிமால ஆர்வம் போயிடுச்சுன்னு நான் நினைச்சேன். அப்படி நினைச்சுக்கிறது எனக்கு வசதியா இருந்தது.

போன மாசம் ஒரு ஞாயிறு மத்தியானம், இந்த நிகழ்ச்சிக்காக 'பேசும் படம்' பார்க்கலாம்னு போட்டேன். தெரியாதவங்களுக்கு: 1987ல சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்த படம். கமல், அமலா. முழுப் படத்துலயும் வசனம் கிடையாது. தெருச் சத்தம், கதவுச் சத்தம், எல்.வைத்யநாதன் இசை எல்லாம் இருக்கும், யாரும் பேச மாட்டாங்க. வேலையில்லாத பட்டதாரி கமல். குடிச்சிட்டுத் தெருவுல கிடக்கிற ஒரு பணக்காரரைத் தூக்கிட்டுப் போய்த் தன் ரூம்ல கட்டிப்போட்டுட்டு, அவரோட ஹோட்டல் சாவியை எடுத்துக்கிட்டு அவர் இடத்துல சொகுசா வாழ ஆரம்பிப்பார். அந்தப் பணக்காரரைக் கொல்ல ஒருத்தன் அலைஞ்சிட்டு இருப்பான், டினு ஆனந்த். அவனோட ஆயுதம் ஐஸ் கத்தி. குத்தினா உருகிடும், தடயம் இருக்காது.

அப்பா பால்கனிக்குப் போற வழியில நின்னார். ரெண்டு நிமிஷம் நின்னுக்கிட்டே பார்த்தார். "என்ன கண்ணு, யாருமே பேச மாட்டேங்கிறாங்க?"ன்னார். "இந்தப் படத்துல பேச்சே கிடையாதுப்பா"ன்னு கையைக் காட்டிச் சொன்னேன். வந்து உட்கார்ந்துட்டார்.

இப்போ நான் எப்படிப் படம் பார்ப்பேன்னு சொல்லணும். கையில போன் இருக்கும். காது டிவியில இருக்கும். வசனம் வர்ற வரைக்கும் கண்ணு போன்ல மேயும், முக்கியமான குரல் கேட்டா நிமிர்ந்து பார்ப்பேன். நிறையப் பேர் இப்படித்தான் பார்க்கிறோம்னு நினைக்கிறேன். 'படம் பார்த்தேன்'னு சொல்றோம். உண்மையில படத்தைக் கேட்டுட்டு இருக்கோம்.

அன்னிக்கும் அப்படியே ஆச்சு. ஒரு மெசேஜுக்குப் பதில் போட்டுட்டு இருந்தேன். திடீர்னு சண்டைச் சத்தம், டிஷ்யூம் டிஷ்யூம்னு. நிமிர்ந்து பார்த்தா திரையில சண்டையே இல்ல. ஹோட்டல் ரூம்ல கமல் நிம்மதியாப் படுத்திருக்கார். போன்லதான் ஏதோ வீடியோ தானா ஓடுதுன்னு நினைச்சு, போனோட வால்யூமைக் குறைச்சேன். சத்தம் நிக்கல. பக்கத்துல பார்த்தா அப்பா தோள் குலுங்கச் சிரிச்சிட்டு இருக்கார்.

"என்னப்பா ஆச்சு?"ன்னு கேட்டேன்.

கேட்டதும் எனக்கே உறைச்சுது. இத்தனை நாள் அவர் கேட்ட அதே கேள்வி. அவரும், "ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா ஒரு ஜோக்கு"ன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். அப்புறம் பொறுமையா ஆரம்பத்துல இருந்து சொன்னார்.

"அவன் இருந்த ரூம் பக்கத்துல சினிமா கொட்டாய் கண்ணு. ராத்திரியெல்லாம் சண்டைச் சத்தம். அதுலயே தூங்கிப் பழகிட்டான். இங்க பெரிய ஓட்டல்ல சத்தமே இல்ல, தூக்கம் வர மாட்டேங்குது. அதான் பழைய ரூமுக்குப் போய் அந்தச் சத்தத்தை டேப்புல புடிச்சிட்டு வந்து போட்டுட்டுத் தூங்கறான்."

இதை யோசிச்சுப் பாருங்க. அது ஒரு சத்தத்தைப் பத்தின ஜோக். ரெண்டு காதும் ஒழுங்காக் கேட்கிற எனக்குப் புரியல. காது கேட்காதவருக்குப் புரிஞ்சுது. ஏன்னா அந்த ஜோக்குக்குத் தேவையான எல்லாமே கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. ஆள் புரண்டு படுக்கிறது, கிளம்பிப் போறது, டேப் ரெக்கார்டர், திரும்பி வந்து பட்டனை அழுத்துறது. நான் அந்த நேரத்துல ஒரு தம்ஸ் அப் அனுப்பிட்டு இருந்தேன்.

அப்புறம் அப்பா இன்னொண்ணும் சொன்னார். "எங்க மில் லைன்லயும் இப்படித்தான். மில்லு லீவு விட்டா பாதிப் பேருக்குத் தூக்கம் வராது. மெஷின் நின்னுட்டா முழிப்பு வந்துரும்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப எனக்கு தெனமும் லீவு மாதிரிதான்"னார்.

அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். நான் போனைக் கொண்டுபோய் உள் ரூம்ல வெச்சுட்டு வந்தேன். படத்தை முதல்ல இருந்து போட்டோம்.

ரெண்டாவது தடவை பார்க்கிறப்போ அப்பாதான் எனக்கு சப்டைட்டில். அந்தப் பிச்சைக்காரர் சீன். கமல் தன்கிட்ட இருக்கிற காசைக் காட்டிப் பெருமையடிப்பார். பிச்சைக்காரரும் பதிலுக்குக் காட்டுவார். கமல் இன்னும் பெருசா எடுக்க, அவரும் எடுப்பார். கடைசியில பார்த்தா அந்த ஆள் பணத்து மேலேயே உட்கார்ந்திருப்பார். நான் அந்த ரூபாய் நோட்டைப் பார்த்துச் சிரிச்சேன். அப்பா, "பணத்தைப் பாக்காத, மூஞ்சியைப் பாரு"ன்னார். பார்த்தேன். ஒரு பந்தயத்துல ஜெயிச்ச பெருமை அந்த முகத்துல இருக்கு. அதைப் பார்த்துட்டா, பின்னாடி அவர் செத்துக் கிடக்கிறப்போ உடம்பைக் கவனிக்காம ஜனங்க பணத்துக்கு அடிச்சிக்கிறது வேற மாதிரி வலிக்கும். ஜோக்கைத் தவறவிட்டவங்களுக்கு அந்த வலியும் பாதிதான் கிடைக்கும்.

கட்டிப்போட்ட பணக்காரரோட கழிவை அழகான கிஃப்ட் பொட்டலமாக் கட்டி வெளியே கொண்டுபோய்ப் போடுறது தெரியும்ல? அதுல அப்பா கவனிச்சது கமலோட நடை. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் கை எப்படிப் பிடிக்கும், ஊர் பார்க்கிறப்போ முகம் எப்படி இருக்கும்னு அவர் பார்த்துட்டு இருந்தார்.

படம் முடிஞ்சப்போ, அமலா கொடுத்துட்டுப் போன முகவரிச் சீட்டு காத்துல பறந்து சாக்கடைக்குப் போயிடும், கமல் கையில ரோஜா மட்டும் மிச்சம் இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அப்பா, "பேரைப் பாத்தியா?"ன்னு கேட்டார்.

எனக்குப் புரியல. "ஊமைப் படத்துக்கு பேசும் படம்னு பேரு வெச்சிருக்கான் பாரு"ன்னார்.

எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து அந்தப் படத்தோட பேர் அதுதான். ஒரு தடவைகூட அது ஜோக்குன்னு தோணினதில்ல. 1931ல 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பிச்ச காலத்துல, டாக்கிக்குத் தமிழ்ல 'பேசும் படம்'னுதான் சொன்னாங்க. அந்தப் பேர்ல ஒரு சினிமா பத்திரிகையே ரொம்ப வருஷம் வந்துச்சு. அப்பா தலைமுறைக்கு அந்தப் பேரைக் கேட்டதும் சிரிப்பு வரும். இந்தப் படத்துக்கு மத்த மொழிகள்ல 'புஷ்பக்', 'புஷ்பக விமானம்'னு பேர். இந்த ஜோக் தமிழ்ல மட்டும்தான். போஸ்டர்லயே பெரிய எழுத்துல இருக்கு, இதுக்கு அம்புக்குறியே தேவையில்ல.

அடுத்த ஞாயிறு, பேச்சு முக்கியமில்லாத படமாத் தேடி ழாக் தத்தியோட 'ப்ளேடைம்' போட்டேன். 1967ல வந்த பிரெஞ்சுப் படம். பாரிஸுக்கு வெளிய ஒரு நகரத்தையே செட்டாக் கட்டி எடுத்தார், அந்தக் கடன்ல மனுஷன் திவாலாயிட்டார். பேசுறாங்க, ஆனா அது வெறும் சந்தை இரைச்சல் மாதிரி. அப்பா கேட்கிற உலகமும் எனக்குக் கேட்கிற உலகமும் ஏறக்குறைய ஒண்ணான படம். க்ளோஸப்பே கிடையாது. ஒரே ஷாட்டுல நாலு மூலையில நாலு ஜோக் நடக்கும். எதைப் பார்க்கணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அதுல ஒரு புது ரெஸ்டாரன்ட். கண்ணாடிக் கதவு உடைஞ்சு நொறுங்கிடும். வாசல்காரர் கைப்பிடியை மட்டும் அந்தரத்துல பிடிச்சுக்கிட்டு, இல்லாத கதவைத் திறந்து மூடிட்டு இருப்பார். வர்றவங்களும் கௌரவமா நுழைவாங்க. அதை நான் கண்டுபிடிச்சேன். தட்டுல இருக்கிற ஒரு மீனுக்கு ஒரு சர்வர் மசாலா தூவிட்டுப் போவார், இன்னொருத்தர் வந்து மறுபடியும் தூவுவார், சாப்பிட யாருக்கும் கிடைக்காது. அதையும் நான் பிடிச்சேன், பெருமையா அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையோட இன்னொரு பக்கத்தைக் காட்டினார். நாற்காலி முதுகுல இருக்கிற கிரீடம் மாதிரியான டிசைன், சாஞ்சு உட்கார்ந்தவங்க கோட்டுல அச்சா விழுந்திருக்கு. முதுகுல கிரீடத்தோட ஜனங்க நடமாடிட்டு இருக்காங்க. நான் பார்க்கவே இல்ல.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். திரையோட ஓரத்துல ஒரு நாற்காலிக்கு டிசைன் பண்ணி, அந்த அச்சு கோட்டுல விழணும்னு பாடுபட்ட ஒருத்தர், யாராவது ஒருத்தர் இதைப் பார்ப்பாங்கன்னு நம்பியிருக்கார். அதை நாமளே பார்க்கிற நொடியில வர்ற சிரிப்பு, அம்புக்குறி வீடியோவுல வராது. அதுல தகவல் மட்டும்தான் வரும்.

இப்போ எங்க வீட்ல ஒரு விதி இருக்கு. படம் ஓடுறப்போ யார் "என்ன ஆச்சு?"ன்னு கேட்டாலும் நிறுத்திச் சொல்லணும். 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லக் கூடாது. ரெண்டு மணி நேரப் படம் மூணு மணி நேரம் ஓடுது. கிரேஸி மோகன் படம்னா நாலு மணி நேரம், ஏன்னா வசனத்தை நான் திருப்பிச் சொல்லணும். என் டைமிங் மகா மட்டம். அப்பா அதுக்கும் சேர்த்துச் சிரிக்கிறார்.

இந்த வாரம் நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. ஏற்கெனவே பார்த்த ஒரு படத்தை, போனைப் பக்கத்து ரூம்ல வெச்சுட்டு, வீட்ல பெரியவங்க ஒருத்தரோட உட்கார்ந்து பாருங்க. நடுவுல அவங்க எதுக்காவது சிரிச்சா, என்னன்னு கேளுங்க. அவங்க கண்டுபிடிச்சதை எனக்கு அனுப்புங்க, அவங்க சொன்னதுன்னு மறக்காமக் குறிப்பிட்டு.

அடுத்த வாரம் சந்திப்போம். இத்தனை நேரம் கேட்டீங்க. போய்ப் படம் பாருங்க.