நிற்கிற மரத்துக்குக் கூலி எங்கே?

(மலைத்தோட்டச் சிறு, குறு விவசாயிகள் நடத்திய தர்ணாவில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று நாம் கடன் தள்ளுபடி கேட்டு இங்கே உட்காரவில்லை. காப்பிக்கு விலை கேட்டும் உட்காரவில்லை. அந்தப் போராட்டங்கள் தனியே நடக்கின்றன, இனியும் நடக்கும். இன்றைக்குக் கேட்பது ஒன்றே ஒன்று. சரிவான நிலத்தில் மண்ணையும் மரத்தையும் காப்பாற்றி, கீழே இருக்கிற ஊருக்கெல்லாம் தண்ணீர் அனுப்புகிறோமே, அந்த வேலைக்குக் கூலி என்ன?

"உன் நிலத்தில் உன் மரம் நிற்கிறது. அதற்கு எதற்குய்யா கூலி?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பதில் சொல்லிவிடலாம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பன்றிமலை. இந்தக் கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது? ஒரு பக்கம் மருதாநதி அணை. இன்னொரு பக்கம் ஆத்தூர் காமராஜர் அணை. திண்டுக்கல் நகரத்துக்காரர் குடத்தில் பிடிக்கிற தண்ணீரில் நம் தோட்டத்து ஓடைக்கும் பங்கு உண்டு. பலாவும் நாவலும் அத்தியும் முள்முருங்கையும் மேலே குடை பிடிக்க, நடுவில் காப்பி, மரத்தில் ஏறிய மிளகு, இடையில் மலைவாழை என்று இருக்கிற தோட்டத்தில் மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதில்லை. இலையில் விழுந்து, கிளையில் வடிந்து, சருகில் ஊறி, மெதுவாக மண்ணுக்குள் இறங்குகிறது. அதனால்தான் மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஓடையில் நீர் கசிகிறது.

அதே சரிவில் மரத்தை எடுத்துவிட்டுப் பீன்ஸ், கேரட் போடு. ஆறு மாதத்தில் கையில் காசு வரும், மறுக்கவில்லை. ஆனால் ஐப்பசி மழைக்கு ஓடை செக்கச்செவேல் என்று ஓடும். தை, மாசியில் வறண்டு கிடக்கும். அந்தச் சிவப்புத் தண்ணீரில் போவது என்ன? நம் மேல்மண். அது போய்த் தங்குவது அணையின் வயிற்றில்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 533 கோடி டன் மண் அரித்துப் போகிறது என்று 1983இல் மண் காப்பு விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். சராசரியாக ஒரு எக்டேருக்கு 16 டன். ஏக்கருக்குப் பார்த்தால் ஆறரை டன். அதாவது நாட்டில் ஒவ்வொரு ஏக்கரிலிருந்தும் வருடத்துக்கு ஒரு டிப்பர் லோடு மண் யாரும் திருடாமலே காணாமல் போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களில் படிகிறது என்பதும் அதே கணக்கு. இது சமவெளியையும் சேர்த்த சராசரி. மழை அடிக்கிற மொட்டைச் சரிவில் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அணையில் மண் சேர்ந்த பிறகு தூர்வார வேண்டும் என்று பேசுகிறார்கள். அதற்கு டெண்டர் உண்டு, பொக்லைன் உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு. மேலே மண்ணை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறவனுக்கு மட்டும் பட்ஜெட்டில் ஒரு வரி இல்லை. இதைத்தான் கேட்கிறோம்.

தோழர்களே, நமக்கு அரசாங்கம் ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல முடியாது. சட்டம் தந்திருக்கிறது! 1949இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அதன்கீழ் வருகிற காடு என்றால் சொந்த நிலமானாலும் அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது, விற்க முடியாது. 1955இல் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் குழுவின் அனுமதி வேண்டும். இந்தச் சட்டங்களை நீக்கச் சொல்லி நாம் வரவில்லை. இதை அதிகாரிகளும் பத்திரிகை நண்பர்களும் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் இல்லாவிட்டால் மர வியாபாரி ஒரே கோடையில் மலையை வழித்து எடுத்துவிடுவான் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் சட்டம் "வெட்டாதே" என்கிறது. "வளர்த்தாயே, இந்தா" என்று சொல்லும் கை எது? எழுபது ஆண்டுக்கு மேலாக ஒரு கைதான் நீள்கிறது. அதுவும் தடுக்கிற கை.

இதனால் என்ன நடக்கிறது? நாட்டு மரக்கன்று தானாக முளைத்தால், அது இடுப்பளவு வருமுன்னே பிடுங்கிப் போடுகிற விவசாயி இருக்கிறார். ஏன் என்று கேட்டால், "நாளைக்குப் பெரிசானா அதைத் தொட விடமாட்டாங்க அண்ணே" என்கிறார். மரத்தைக் காக்கப் போட்ட சட்டம் கன்றுக்கு எமனாகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மலையில் மரங்களைச் சாய்த்துப் போட்டது. காப்பிச் செடிமேல் விழுந்து கிடக்கிற மரத்தை அகற்றவே மனு, அளவை, பார்வை, கையெழுத்து என்று எத்தனை படி ஏறினோம்! விழுந்த மரம் மழையில் உளுத்துப்போனது. அதன் அடியில் காப்பியும் போனது.

சரி, திட்டம் இல்லையா? இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1974-75இல் மேற்குத்தொடர்ச்சி மலை மேம்பாட்டுத் திட்டம் மத்திய அரசு உதவியோடு வந்தது. கல்கட்டு, தடுப்பணை என்று சில நல்ல வேலைகள் நடந்தன. 2015க்குப் பிறகு அந்த மத்திய உதவி நின்றுபோனது. 2014இல் தேசிய வேளாண்காடுகள் கொள்கை வந்தது. 2016-17இல் வரப்போர மரத் திட்டம் வந்தது. செலவில் பாதியை மானியமாக, நான்கு ஆண்டுகளில் 40, 20, 20, 20 சதவீதம் என்று பிரித்துத் தருவது அதன் முறை.

மாநில அரசு 2021-22இல் விளைநிலங்களில் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தைத் தொடங்கியது. கன்று இலவசம். வரப்பில் நட்டால் ஏக்கருக்கு 50, தோட்டமாக நட்டால் 160. இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை, உயிரோடிருக்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை. நல்ல நோக்கம், பாராட்டுகிறோம். ஆனால் கணக்குப் போடுங்கள். 50 கன்று, ஏழு ரூபாய், ஆண்டுக்கு 350 ரூபாய். காட்டுமாடு மிதிக்காமல், கோடையில் காயாமல் 50 கன்றைக் காப்பாற்ற ஒரு ஆளை ஒரு நாள் கூப்பிட்டாலே அந்தக் காசு பத்தாது. நான்காம் ஆண்டோடு அதுவும் நின்றுவிடும். மரமோ அப்போதுதான் தலை எடுக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்தத் திட்டங்களெல்லாம் புதிதாக நடுகிற கன்றுக்குத்தான். தாத்தா காலத்திலிருந்து நிற்கிற பலாவுக்கும் நாவலுக்கும் பைசா கிடையாது. நிழலைக் காப்பாற்றி வைத்திருக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. மொட்டையடித்துவிட்டு மறுபடி நடுகிறவனுக்கு இலவசக் கன்றும் ஊக்கத்தொகையும்! எந்த ஊர் நியாயம் இது?

2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள். மாநிலப் பரப்பில் அப்போது 23.7 சதவீதமாக இருந்த காடு, மரப் போர்வையை 33 சதவீதம் ஆக்குவது இலக்கு. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். கூடுதலாக வேண்டியது ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டர், அதாவது 30 லட்சம் ஏக்கர். ஏற்கெனவே காப்புக்காடாக இருப்பது இருக்கிறபடி இருக்கும். புதிதாக 30 லட்சம் ஏக்கர் ஆகாயத்திலிருந்தா வரும்? பெரும்பகுதி நம்மைப் போன்ற பட்டாதாரர் நிலத்தில்தான் வரவேண்டும். நாம் இல்லாமல் அந்த இலக்கு காகிதத்தில்தான் பச்சையாக இருக்கும்.

மேற்குத்தொடர்ச்சி மலை பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. அதில் தடைகளும் இருந்தன, ஊக்கங்களும் இருந்தன. மண்ணில் கரிமச்சத்தை ஏற்றுகிற விவசாயிக்கும், கோயில்காட்டைக் காக்கிற ஊருக்கும் காப்புப் பணிக்கான கட்டணம் தர வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. பிறகு கஸ்தூரிரங்கன் குழு 2013இல் வந்தது. 2014 முதல் 2024 ஜூலை வரை ஆறு முறை வரைவு அறிவிக்கை போட்டார்கள். சுரங்கத்துக்குத் தடை, குவாரிக்குத் தடை, பெரிய கட்டடத்துக்குத் தடை. இந்தத் தடைகளை வரவேற்கிறோம். மலையைக் குடைந்தால் முதலில் சாகிறவன் நாம்தான். ஆனால் விவசாயிக்குக் கட்டணம் என்று சொன்னார்களே, அது எங்கே போனது?

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு ஊரைக் காட்டுகிறேன். சண்டிகரில் சுக்னா ஏரி இருக்கிறது. 1958இல் கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே வண்டல் நிரம்பத் தொடங்கியது. வாரி வாரிப் பார்த்தார்கள், தீரவில்லை. மண் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனார் பி.ஆர். மிஸ்ரா என்கிற மண் காப்பு அதிகாரி. மேலே சுகோமஜ்ரி என்கிற சின்ன ஊர். மொட்டை மலை, ஆடு மேய்ச்சல், பட்டினி. அவர் அந்த ஜனங்கள்மேல் கேஸ் போடவில்லை. 1970களின் நடுவில் அங்கே தடுப்பணை கட்டி, அந்தத் தண்ணீரில் நிலம் இல்லாதவருக்கும் சேர்த்து எல்லாக் குடும்பத்துக்கும் பங்கு என்று ஏற்பாடு ஆனது. பங்கு கிடைத்ததும் ஊரே சேர்ந்து மலையில் மேய்ச்சலை நிறுத்தியது. மலை பச்சையானது. ஏரிக்கு வரும் வண்டலும் வெகுவாகக் குறைந்தது. மேலே இருக்கிறவனுக்குப் பங்கு கொடுத்தால் கீழே இருக்கிறவனுக்குத் தண்ணீர் தெளிந்து வரும். பாடம் இவ்வளவுதான்.

வெளிநாட்டில் இன்னும் பளிச்சென்று செய்கிறார்கள். கோஸ்டா ரிகா என்கிற சின்ன நாடு 1996இல் சட்டமே போட்டது. காட்டை வைத்திருக்கும் நிலச் சொந்தக்காரருக்கு அரசு ஒப்பந்தம் போட்டுப் பணம் தருகிறது. பெட்ரோல், டீசல் மீதான வரியிலிருந்து அதற்கு நிதி ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் 1985 முதல், அரிப்பு அதிகமுள்ள நிலத்தைப் புல்லாகவோ மரமாகவோ விட்டுவைக்கும் விவசாயிக்கு 10, 15 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்டு வாடகை தருகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் பிச்சை இல்லை, ஒப்பந்தம்.

பணம் எங்கே என்பார்கள். இதோ. காட்டு நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்கிறவர்களிடம் வசூலித்த ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியிலிருந்து 2019 ஆகஸ்டில் மட்டும் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி ரூபாய் விடுவித்தார்கள். மலைக்கு வரும் சுற்றுலா வண்டியிலும் ரிசார்ட்டிலும் வரி வருகிறது. குடிநீர்த் திட்டங்களுக்குக் கோடிக்கணக்கில் போகிறது. குழாய்க்குச் செலவு செய்கிறவர்கள் ஊற்றுக்கும் கொஞ்சம் செலவு செய்யட்டும்.

"எஸ்டேட் முதலாளி இதில் புகுந்துகொள்வானே" என்று ஒரு தோழர் கேட்டார். சரியான கேள்வி. ஆகவே ஐந்து ஏக்கர் வரை உள்ளவருக்கு மட்டும் என்று வரம்பு வைத்துத்தான் கேட்கிறோம். பட்டா தாத்தா பெயரில் கிடக்கிறவர், கூட்டுப் பட்டாக்காரர், வன உரிமைச் சட்டத்தில் உரிமை பெற்ற பளியர், புலையர் மக்கள், பெண்கள் யாரும் விட்டுப்போகக் கூடாது. காகிதம் சரியில்லை என்று சொல்லி உழைப்பைத் தள்ளிவிட முடியாது.

தோழர்களே, இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது கண்முன்னே தெரிகிறது. காப்பி வெடிக்கிற வருடம் விலை இல்லை, விலை இருக்கிற வருடம் காய் இல்லை. மகன் திருப்பூருக்குப் போகிறான். புரோக்கர் வந்து வாசலில் நிற்கிறார். இரண்டு ஏக்கர் விற்றால் கல்யாணம் முடியும். விற்ற நிலத்தில் முதலில் ஜேசிபி ஏறும், பிறகு கம்பி வேலி, பிறகு நீச்சல் குளம். அந்த விவசாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரத்தை வைத்திருந்ததற்கு அவருக்கு யாரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. விற்றதற்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. ஐந்து ஏக்கர் வரை உள்ள மலைத்தோட்ட விவசாயிக்கு, நிற்கிற மரங்களுக்கும் சேர்த்து, ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் மண், மரக் காப்புக் கூலி வழங்கு!

2. கல்கட்டு, வரப்பு, ஓடைத் தடுப்பு வேலைகளுக்கு மானியத்தைப் பின்னால் தராமல், வேலை தொடங்கும்போதே முன்பணம் கொடு!

3. புயலில் சாய்ந்த மரம், நிழல் குறைப்பு ஆகிய மனுக்களுக்கு 30 நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் சொல்!

4. விவசாயி தானே நட்டு வளர்த்த மரத்தை நட்ட அன்றே பதிவு செய்து சான்று கொடு!

5. ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியிலும், குடிநீர்த் திட்ட நிதியிலும், சுற்றுலா வருவாயிலும் நீர் தரும் மலைச்சரிவுக்குப் பங்கு ஒதுக்கு!

6. கூட்டுப் பட்டா, வன உரிமைப் பட்டா உள்ளவர்களையும் சேர். மனு வாங்க ஊருக்கே வந்து முகாம் போடு!

கீழே இருக்கிற நஞ்சை விவசாயிகளே, திண்டுக்கல் நகரத்துப் பொதுமக்களே, இந்தத் துண்டுப் பிரசுரம் உங்கள் கைக்கும் வரும். இது மலைக்காரன் பிரச்சினை என்று மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் வாய்க்காலின் தலைமடை எங்கள் சரிவில் இருக்கிறது. எங்களோடு வந்து நில்லுங்கள்.

மரத்தை வெட்டினால் அபராதம், சரி!
மரத்தை வளர்த்தால் கூலி எங்கே?

மண் காப்பது வேலை! வேலைக்கு வேண்டும் கூலி!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!