'ஃபெயர்' என்றொரு சொல்



இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி உங்களோடு சிறிது நேரம் உரையாட விரும்புகிறேன். அது அரிய சொல் அன்று. ஆங்கிலம் படிக்கத் தொடங்கி ஓராண்டு கழிந்த பிள்ளையும் அறிந்திருக்கக்கூடிய சொல். 'ஃபெயர்' என்பதே அது. இதைத் தமிழெழுத்தில் எழுதுவதிலேயே ஓர் இடர்ப்பாடு உண்டு. முன்னே நிற்கும் ஆய்தத்தை அச்சுக்கோப்பவர் மறந்துவிட்டால், அது நம்முடைய 'பெயர்' ஆகிவிடும். பேருந்தில் நடத்துநர் கேட்கும் கட்டணத்துக்கும் இதே ஒலியுடைய சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அதன் பிறப்பும் எழுத்தும் வேறு. சந்தையையும் கண்காட்சியையும் குறிக்கும் 'ஃபெயர்' எழுத்திலும் இதனை ஒத்ததே; ஆயினும் அது திருநாளைக் குறித்த 'ஃபேரியா' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அவ்விரண்டையும் வாசலில் நிறுத்திவிட்டு, பெயருக்கு அடைமொழியாக வரும் ஃபெயரை மட்டும் உள்ளே அழைப்போம்.

இச்சொல்லைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு நெடுநாட் பழக்கமுள்ள ஒருவர், ஓய்வு பெற்ற எழுதுவினைஞர், ஒரு மாலை வேளை என் வீட்டுக்கு வந்தார். ஆசிரியையாகப் பணிபுரியும் மகளும் உடன் வந்திருந்தாள். ஞாயிறு வெளிவரும் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலே 'மணமகன் தேவை' என்று விளம்பரம் கொடுக்கவேண்டும். தமிழில் எழுதிக் கொண்டுவந்ததை நான் ஆங்கிலத்தில் ஆக்கித் தரவேண்டும். வயது, உயரம், கல்வி, உத்தியோகம் எல்லாம் முறையாக எழுதப்பட்டிருந்தன. நிறம் என்ற இடத்தில் 'பொது நிறம்' என்று இருந்தது. நான் பேனாவை நிறுத்தினேன். "அதுக்கு 'ஃபெயர்' எண்டே போட்டுவிடுங்கோ, மாஸ்டர். எல்லாரும் அப்பிடித்தான் போடுகினம்" என்றார் அவர்.

அதுவரை பேசாதிருந்த மகள் மெல்லச் சொன்னாள்: "மாமா, பள்ளிக்கூடத்திலை பிள்ளையளின்ரை றிப்போட்டிலை நான் 'ஃபெயர்' எண்டு எழுதினால், 'ஏதோ பரவாயில்லை' எண்டுதான் கருத்து. அப்பா அதைத்தானோ போடச் சொல்லுறார்?"

தந்தை சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவர்கள் போன பின்பு அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பெண்ணின் கேள்வி வேடிக்கைக்காகக் கேட்டதன்று என்பது சிறிது நேரத்தில் விளங்கிற்று.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் 'ஃபைகர்' என்பதை ஒத்தது. அழகானது, இனியது, காண்பதற்கு உவப்பானது என்பதே அதன் பொருள். நிறம் அதில் இல்லை. ஐஸ்லாந்து மொழியில் இன்றும் அழகைக் குறிக்கும் 'ஃபாகுர்' என்ற சொல் இதன் உடன்பிறப்பு. இதே குடும்பத்தைச் சேர்ந்த கோதிய மொழிச் சொல்லுக்கோ 'பொருந்தியது, தகுந்தது' என்பது பொருள். பொருத்தமே அழகு என்று அக்குடும்பத்தின் மூத்தோர் எண்ணினர் போலும்.

அழகு என்ற இந்த ஊற்றிலிருந்து பல வாய்க்கால்கள் பிரிந்தன. முதலிலே வானத்தைப் பாருங்கள். முகிலும் மழையும் இல்லாத நாளை ஆங்கிலேயர் 'ஃபெயர் வெதர்' என்பர். பழைய வீடுகளின் சுவரில் தொங்கும் வளியமுக்கமானியின் முகத்திலே 'புயல்', 'மழை', 'மாற்றம்' என்னும் பொருளுடைய சொற்களுக்கு அடுத்தபடியாக 'ஃபெயர்' என்று பொறிக்கப்பட்டிருப்பதை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். முகில் என்னும் மறு இல்லாத வானம் என்பது கருத்து. மாணவன் அடித்தும் திருத்தியும் எழுதிய கட்டுரையைப் பின்னர் மையொழுகாமல் புதிதாக எழுதினால் அது 'ஃபெயர் கொப்பி'. பழிச்சொல் படாத நற்பெயர் 'ஃபெயர் நேம்'. ஆட்டத்தில் கள்ளம் கலவாதது 'ஃபெயர் பிளே'. வானத்தில் முகில், தாளில் கறை, பெயரில் பழி, ஆட்டத்தில் கள்ளம். இவை நான்கும் இல்லாமையே இங்கே ஃபெயர். அழகு என்ற பொருள் நீதி என்ற பொருளாக வளர்ந்த பாதை இதுதான் எனலாம். மாசில்லாத முகம் அழகு. மாசில்லாத தீர்ப்பு நீதி.

இவ்வுறவு நமக்குப் புதியதன்று. தமிழிலே 'செம்மை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது சிவப்பு நிறம், அதுவே நேர்மை, அதுவே ஒழுங்கு. செந்நெல் என்னும்போது நிறம். செங்கோல் என்னும்போது வளையாத கோல், நீதி. செந்தமிழ் என்னும்போது செப்பம். 'செவ்வி' என்றால் அழகு. தக்க காலமும் அதுவே. செங்கோலைச் சிவப்புக் கோல் என்று மொழிபெயர்ப்பவனும், 'ஃபெயர் டிரையல்' என்பதை அழகான விசாரணை என்று மொழிபெயர்ப்பவனும் ஒரே வாங்கில் உட்காரத் தக்கவர்கள்.

விசாரணை என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 1948 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைகள் பிரகடனத்தின் 10 ஆம் உறுப்புரையிலே இச்சொல் நிற்கிறது. நமது நாட்டின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும், குற்றஞ் சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் நீதியான விசாரணைக்கு உரித்துடையவர் என்று கூறும் 13 ஆம் உறுப்புரையின் ஆங்கில வாசகத்திலே இருக்கிறது. ஒரு மனிதனின் விடுதலையும் சிறையும் தொங்கும் இடத்தில் இந்தச் சிறு சொல் காவல் நிற்கிறது. கிரிக்கட் விதிகளிலும் அப்படியே. எது ஃபெயர், எது அன்று என்று தீர்மானிக்கும் அதிகாரம் நடுவர்களுக்கே உரியது.

காற்றைப் பற்றிய வழக்கு இன்னும் சுவையானது. கப்பலோட்டிகள் தம் பயணத்துக்குத் துணையாய் வீசும் காற்றை 'ஃபெயர் விண்ட்' என்பர். இங்கே மாசும் இல்லை, அழகும் இல்லை. பொருத்தம் ஒன்றே உண்டு. பாய் விரித்து வடக்கே போகும் தோணிக்குச் சோழகக் காற்று ஃபெயர். அதே நேரத்தில் வடக்கிலிருந்து திரும்பும் தோணிக்கு அந்தக் காற்றே பகை. வாடை பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். காற்று ஒன்றுதான், யார் எந்தத் திசைக்குப் போகிறார் என்பதைப் பொறுத்து அடைமொழி மாறுகிறது. நீதி என்ற பொருளில் இச்சொல்லை வழங்குவோரிற் சிலர், உண்மையில் இந்தக் கப்பற் பொருளைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்களோ என்று நான் சில வேளைகளில் ஐயுறுவதுண்டு.

இனி, அந்த ஆசிரியைப் பெண் சொன்ன றிப்போட்டுக்கு வருவோம். குறையில்லாதது என்ற பொருள் நாளடைவில் தேய்ந்து, 'பெரிய குறை சொல்வதற்கில்லை' என்று ஆயிற்று. அதுவும் தேய்ந்து 'நடுத்தரம்' ஆயிற்று. 'குட்' என்பதற்குக் கீழ், 'பூவர்' என்பதற்கு மேல். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் 'ஃபெயர்' என்று கண்டு தாய்மார் மகிழ்ந்துவிட வேண்டாம். பிள்ளையை அடிக்கவும் வேண்டாம். 'ஃபெயர் நம்பர்' என்றால் நியாயமான எண் அன்று, கணிசமான தொகை. 'ஃபெயர்லி' என்ற வினையடை இன்னும் வழுக்கும். தீர்ப்புக் கூறுவதோடு சேர்ந்தால் 'நடுநிலையாக' என்று பொருள். 'குட்' என்பதற்கு முன் நின்றால் 'ஓரளவு' என்று பொருள். 'ஓரளவு நல்ல வீடு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'நீதியாக நல்ல வீடு' என்று மாணவர் எழுதியதை நான் திருத்தியிருக்கிறேன். 'ஃபெயர் இனஃப்' என்று ஒருவர் சொன்னால், 'நீர் சொல்வது சரி, இனி அதை விடும்' என்பதே பெரும்பாலும் கருத்து.

இத்தனை பொருளில் எது எங்கே வருகிறது என்று எப்படி அறிவது? மாணவர்க்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. அந்த இடத்தில் அதன் எதிர்ச்சொல் எதுவாக இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். காற்றுக்கும் ஆட்டத்துக்கும் எதிர் 'ஃபவுல்'. தீர்ப்புக்கு எதிர் 'அன்ஃபெயர்'. தேர்ச்சி அறிக்கையில் அதன் அண்டை வீட்டார் 'குட்', 'பூவர்' என்போர். தோலுக்கும் கூந்தலுக்கும் வரும்போது எதிர் 'டார்க்'. எதிரியைக் கண்டால் ஆளை அறியலாம்.

கடைசியாகச் சொன்ன அந்த இணைதான் எனக்கு நெஞ்சை உறுத்துவது. அழகு என்றிருந்த சொல்லிலே வெளிர் நிறம் எவ்வாறு வந்து ஒட்டியது? வெயிலில் வேலை செய்தவர்களின் மேனி கறுத்தது, மாளிகைக்குள் இருந்தவர்களின் மேனி வெளுத்தது, ஆகவே வெளுப்பு செல்வத்தின் அடையாளமாயிற்று என்று விளக்கம் கூறுவர். முதலாம் எலிசபெத் அரசியார் ஆண்ட காலத்தில், 1558 முதல் 1603 வரை, செல்வ மகளிர் ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பூச்சை முகத்தில் அப்பிக்கொண்டனர். அது நஞ்சு. அழகு என்ற சொல்லுக்குள் நிறம் புகுந்ததன் பின் விளைந்த விளைவு அது.

அக்காலத்துப் புலவனாகிய ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லை விடாமல் உருட்டிப் பார்த்திருக்கிறான். 1609 இல் அச்சேறிய அவனுடைய பதினான்கடிப் பாடல்களில் 127 ஆம் பாடல் முதலாக வருபவை கருவிழியும் கருங்கூந்தலும் உடைய ஒருத்தியைப் பற்றியவை. ஃபெயர் என்பது அழகா, வெண்மையா என்று அவன் அச்சொல்லோடு வழக்காடுகிறான். 'ஒதெல்லோ' நாடகத்தில் வெனிஸ் நகரத் தலைவன் கருநிறத் தளபதியைப் புகழும் இடம் இன்னும் கூர்மையானது. பெண்ணின் தந்தையிடம், குணத்தைக் கொண்டு பார்த்தால் உன் மருமகன் கறுப்பனல்லன், ஃபெயர் என்ற கருத்துப்படத் தேற்றுகிறான். புகழ்ச்சிதான், ஆனால் குணமும் வெண்மையும் ஒரே சொல்லில் அடைபட்டிருப்பதால், அந்த நல்லவனைப் புகழவேண்டுமானால் அவனுடைய நிறத்தை முதலில் அவனிடமிருந்து பறிக்க வேண்டியிருக்கிறது. சொல்பவன் தீயவன் அல்லன். சொல்தான் அப்படி அமைந்துவிட்டது.

நமது பழைய தமிழ் இதில் வேறு வழி சென்றது. சங்கச் செய்யுளில் மகளிர் மேனிக்கு 'மாமை' என்ற சொல் வரும். மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் கூறுவர். கருமை என்றும் அழகு என்றும் அகராதி கூறும். 'மாமைக் கவின்' என்பது புலவர்களுக்கு விருப்பமான தொடர். தலைவன் பிரிந்தால் அந்த மாமையை எது அழிக்கிறது? பசலை. அதாவது வெளிறுதல். அங்கே மேனி வெளுப்பது அழகன்று, நோய். சேயோன் சிவந்தவன், மாயோன் கரியவன், இருவரையும் வணங்கினர். அந்த மொழிக்கு உரிய நாமோ இன்று 'பெண் நல்ல சிவப்பு' என்று சொல்லி வெளிர் நிறத்தைக் குறிக்கிறோம். 'கறுப்பென்றாலும் களையான பிள்ளை' என்று சொல்லிப் புகழ்ந்துவிட்டதாக எண்ணுகிறோம். அந்த 'என்றாலும்' வெனிஸ் நகரத் தலைவனின் வாக்கைப் போன்றதே.

1975 இல் இந்தியாவில் முகப்பூச்சு ஒன்று விற்பனைக்கு வந்தது. 'ஃபெயர்' என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கி 'ஃபெயர் அண்ட் லவ்லி' என்று வந்தது. கண்டனங்கள் பல எழுந்த பின்பு 2020 இல் அப்பெயரிலிருந்து அச்சொல்லை எடுத்துவிட்டு, ஒளிர்வு என்னும் பொருளுடைய 'க்ளோ' என்ற சொல்லை வைத்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஓர் அடைமொழி எத்தனை வீட்டுக் கண்ணாடிகளின் முன் நின்றது என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த நாள் நான் அந்த நண்பரின் வீட்டுக்குப் போனேன். 'ஃபெயர்' என்று எழுதினால் வாசிப்பவர் வெளிர் நிறம் என்று கொள்வர். பெண் பார்க்க வரும்போது உங்கள் மகள், உள்ளபடி இருந்த குற்றத்துக்காக, பொய் சொன்னவள் ஆவாள் என்றேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. "உண்மையை எழுதினால் ஒருத்தரும் வரமாட்டினம், மாஸ்டர். எனக்கும் வயது போகுது" என்றார். அந்தப் பயத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அகராதியிலும் இல்லை.

தேநீர் கொண்டுவந்த மகள் தாளை வாங்கி, நிறம் என்ற வரி முழுவதையும் கோடிட்டு அடித்தாள். பிறகு அடித்த தாளைக் கொடுப்பது அழகன்று என்று, உள்ளே போய்ப் புதிதாக எழுதிக் கொண்டுவந்தாள். ஒரு கறையும் இல்லாத படி. தந்தை அதை ஒரு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். அடுத்த ஞாயிறு விளம்பரம் அவ்வாறே வெளிவந்தது. கட்டணம் சொற்கணக்கில் ஆகையால், சிறிது பணம் மிச்சமாயிற்று என்று பின்னர் என்னிடம் சொன்னார்.