பீட்சாவும் எட்டு நாட் கடனும்

தந்தி முறையினால் உலகப் புகழ் பெற்ற சாமுவேல் மோர்ஸ், அப்புகழ் வருமுன்னர் ஓர் ஓவியராக இத்தாலி தேசத்தைச் சுற்றிப் பார்த்தவர். 1831ஆம் ஆண்டளவில் அங்கே நாப்போலி நகரத்துத் தெருக்களில் விற்கப்பட்ட ஓர் உணவைக் கண்டு அவர் முகஞ் சுளித்தார். தக்காளித் துண்டுகளும் சிறு மீன்களும் மிளகும் தூவப்பெற்ற அப்பண்டம், சாக்கடையிலிருந்து அப்பொழுதுதான் எடுத்த ரொட்டி போலத் தோன்றுகின்றது என்ற கருத்துப்பட எழுதியும் வைத்தார். அவர் கண்டது பீட்சா. இன்று அது கொழும்பு உட்பட உலகின் பெருநகரங்கள் பலவற்றில் விற்கப்படுகின்றது. எவ்வகைப் பீட்சா சிறந்தது, அதன் மேல் எதனை இடலாம், எதனை இடலாகாது, எந்தக் கடையில் உண்ணவேண்டும் என்று ஓயாது வழக்காடுவோர் பலர். அவ்வழக்கிற் புகுமுன்னர் அப்பண்டம் வளர்ந்த தெருவைச் சற்றே பார்த்தல் தகும்.

வெசூவியஸ் எரிமலைக்கு அண்மையில், கடலை நோக்கி அமைந்தது நாப்போலி. ஆங்கிலேயர் இதனையே நேப்பிள்ஸ் என்பர். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாகவும், மிக நெருக்கமான நகரங்களுள் ஒன்றாகவும் அது விளங்கிற்று. ஏழை மக்கள் தெருமட்டத்தில் அமைந்த ஒற்றையறை வீடுகளில் வாழ்ந்தனர். தாயும் தந்தையும் பிள்ளைகளும் பாட்டியும் அவ்வோர் அறையிலேயே உறங்கினர். சமையலுக்குத் தனியிடம் ஏது? விறகுக்குக் காசு ஏது? ஆகவே, நாள்தோறும் தெருவில் வாங்கி உண்பதே அவர்களுக்குச் சிக்கனமாயிற்று. கோதுமை மாவைத் தட்டி, எண்ணெயும் உள்ளியும் இட்டு, முன்னமே காய்ந்திருக்கும் பெரிய அடுப்பில் இரண்டொரு நிமிடத்தில் வாட்டி எடுத்துவிடலாம். ஓர் அடுப்பின் தீயில் ஒரு தெருவே பசியாறியது. பையன்கள் மூடியிட்ட வட்டமான உலோகப் பாத்திரத்தைத் தலையிற் சுமந்து, கூவிக் கூவி விற்றனர். வாங்கியவர் அதனை நான்காக மடித்து, நின்றபடியே உண்டு வேலைக்குப் போயினர். தட்டும் வேண்டியதில்லை, கத்தியும் வேண்டியதில்லை.

1884ஆம் ஆண்டில் அந்நகரத்தில் வாந்திபேதி நோய் கொடுமையாகப் பரவியது. அவ்வேளையில் மத்தில்தே செராவோ என்னும் பெண் எழுத்தாளர், 'நாப்போலியின் வயிறு' என்ற நூலில் ஏழைகளின் வாழ்வை மறைக்காமல் எடுத்துரைத்தார். தெருமூலையில் நாள் முழுவதும் கிடந்து, குளிரில் விறைத்தும், வெயிலில் மஞ்சளித்தும், ஈ மொய்த்தும் போகும் பீட்சாத் துண்டுகளை அவர் அதிலே காட்டுகின்றார். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளுக்கென இரண்டு சதத்துக்கு விற்ற சிறு துண்டுகளையும் அவர் குறிக்கத் தவறவில்லை. மோர்ஸ் கண்டதும் செராவோ கண்டதும் ஏறக்குறைய ஒரே பண்டந்தான். ஆயினும் மோர்ஸ் பண்டத்தை மட்டும் பார்த்தார். அம்மையார் அதனைக் கையில் வாங்கிய பிள்ளையையும் சேர்த்துப் பார்த்தார். 'பினோக்கியோ' கதையினால் நம் நாட்டுச் சிறுவர்க்கும் அறிமுகமான கொலோடி, 1886ஆம் ஆண்டில் சிறுவர்க்கென எழுதிய வேறொரு நூலிற் பீட்சாவைப் பற்றிக் கூறியது மோர்ஸ் கூறியதிலும் மெல்லியதன்று. அவர் இத்தாலியரே, எனினும் நாப்போலிக்கு வடக்கேயுள்ள பகுதியைச் சேர்ந்தவர்.

பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமா இவர்கள் எல்லோரிலும் கூர்ந்து நோக்கியவர் எனலாம். 1840களில் வெளிவந்த தம் பயண நூலில், பீட்சாவின் விலையைக் கொண்டே நாப்போலிச் சந்தையின் நிலையை அறிந்துகொள்ளலாம் என்று அவர் எழுதினார். மீன் இட்டது மலிந்தால் கடலில் மீன் வாய்த்தது என்று பொருள். எண்ணெய் இட்டது விலை ஏறினால் ஒலிவ மரங்கள் காய்க்கவில்லை என்று பொருள். இத்துணை நுட்பமாகப் பார்த்தவரும் ஓரிடத்தில் வழுக்கிவிட்டார் போலும். வறியவர்க்காக ஒரு வாரம் பழகிய பீட்சாவும் விற்கப்படுகின்றது என்று அவர் எழுதியுள்ளார். 'இன்றைக்கு எட்டு' என்பது அந்நகரத்து வழக்குச் சொல். அதனைச் சுட்டு எட்டு நாளான பண்டம் என்று அவர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கலாம் எனப் பின்வந்தோர் சிலர் கருதுவர். அச்சொல்லின் பொருள், இன்று உண்டுவிட்டு எட்டாம் நாள் காசு கொடுக்கலாம் என்பதே. பழைய பண்டம் என்று வெளியூரார் எண்ணிய இடத்தில், அயலவர்க்கிடையே நிலவிய நம்பிக்கை இருந்தது. கூலி கைக்கு வரும் நாள்வரை ஒரு குடும்பம் பட்டினி கிடவாமல் அது காத்தது.

பீட்சாவைப் பற்றி இன்று பலருக்கும் தெரிந்த கதை அரசியாரைப் பற்றியது. 1889ஆம் ஆண்டில் உம்பேர்த்தோ மன்னரும் மார்கரிற்றா அரசியாரும் நாப்போலிக்கு வந்தனராம். ராபாயேலே எஸ்பொசித்தோ என்ற பீட்சாக்காரர் மூன்று வகை செய்து காட்டினாராம். தக்காளியின் சிவப்பும், பாற்கட்டியின் வெண்மையும், துளசி போன்ற ஓர் இலையின் பசுமையும் சேர்ந்து இத்தாலியக் கொடியின் நிறங்களைக் காட்டிய வகையை அரசியார் விரும்பினாராம். அன்று தொட்டு அதற்கு மார்கரிற்றா என்று பெயராயிற்றாம். அரண்மனையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் நன்றிக் கடிதம் இன்றும் பிராண்டி என்னும் கடையில் மாட்டப்பட்டுள்ளது. கதை அழகியதே. ஆனால் அக்கடிதத்தின் முத்திரையும் கையெழுத்தும் ஐயத்துக்குரியன என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். அன்றியும், 1850, 60களில் அந்நகரத்து வழக்கங்களைத் தொகுத்து வெளியான நூலொன்றிலேயே மொற்சரெல்லாப் பாற்கட்டித் துண்டுகளும் அவ்விலையும் பீட்சாவின் மேல் இடப்பட்டமை கூறப்படுகின்றது. ஆகவே அரசியார் வருமுன்னரே இப்பொருள்கள் தெருவில் ஒன்று கூடிவிட்டன. நூறு ஆண்டுக்கு மேலாக ஏழைகள் உண்டு வளர்த்த உணவு மதிப்புப் பெறுவதற்கு ஓர் அரசியாரின் நாக்குத் தேவைப்பட்டது என்பதுதான் இக்கதையிற் சற்று வருந்தத்தக்க பகுதி.

அவ்விலையையும் பிற பொருள்களையும் பற்றி ஒரு வார்த்தை. அச்செடி, தமிழர் திருநீற்றுப்பச்சை என்று அழைக்கும் செடியே. அதன் விதையைத்தான் இலங்கையிற் கசகசா என்று குளிர்பானத்தில் இடுகின்றனர். தக்காளியோ இத்தாலிக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்து, நெடுங்காலம் நஞ்சோ என்று அஞ்சப்பட்டது. பின்னர் வெசூவியஸ் மலையைச் சார்ந்த மண்ணிலே அது சிறந்து விளைந்தது. சான் மார்சானோ என்னும் நீண்ட தக்காளி அவ்விடத்தது. சிறந்த மொற்சரெல்லா அப்பிரதேசத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் எருமைகளின் பாலிலிருந்து ஆவது. பசுப்பாலிற் செய்வதும் உண்டு.

நாப்போலியார் செய்யும் முறை காண்பதற்கு எளிது, கைவருவதற்கு அரிது. மாவும் நீரும் உப்பும் சிறிது மதுவமும் சேர்த்துப் பிசைந்து, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமற் புளிக்க விடுவர். பின்னர் உருளைக் கட்டை தொடாமல், விரல்களால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்துவர். மாவினுள் இருக்கும் காற்று ஓரத்துக்கு ஒதுங்கும். சுடும்போது அவ்வோரமே வரம்பு போல உப்பி எழும். விறகு எரியும் போறணையின் தளம் 485 பாகை செல்சியஸ் வரை காய்ந்திருக்கும். 60 முதல் 90 விநாடிக்குள் பீட்சா வெந்துவிடும். பாண் வேக எடுக்கும் நேரத்தை நினைத்துப் பார்க்கும் நேயர்க்கு இவ்விரைவு வியப்பளிக்கும். இவ்விரைவினாலேயே அது முறுகிப் போகாமல், மடிக்கத்தக்க மென்மையோடு இருக்கின்றது. போறணை என்னும் சொல்லே போர்த்துக்கீசரின் 'போர்னோ' என்பதிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும். நாப்போலியாரும் தம் அடுப்பைப் போர்னோ என்றே அழைப்பர்.

மேலே இடும் பொருள்களில் நாப்போலியார் மிகச் சிக்கனமானவர். தக்காளி, உள்ளி, ஒரிகானோ என்னும் வாசனை இலை, ஒலிவ எண்ணெய் ஆகிய இந்நான்கும் மட்டும் சேர்ந்தது மரினாரா. கடலோடிகளின் உணவு என்று பெயர் இருந்தும் அதிலே மீன் இல்லை, பாற்கட்டியும் இல்லை. மாவும் தக்காளியும் நல்லன அல்லவெனின் அதிலே எதையும் மறைக்க இயலாது. ஒரு கடையின் தரத்தை அறிய விரும்புபவர் முதலில் மரினாராவைக் கேட்பதே முறையாகும்.

1870ஆம் ஆண்டிலிருந்து கொந்துரோ குடும்பத்தார் நடத்திவரும் மிக்கேலே என்னும் கடையில், நெடுங்காலம் மரினாராவும் மார்கரிற்றாவும் தவிர வேறு வகையே கிடையாது. வாசலில் இலக்கச் சீட்டுப் பெற்றுக் காத்துநின்றே உட்செல்ல வேண்டும். திரிபூனாலித் தெருவிலே சொர்பில்லோ, தி மத்தேயோ முதலிய கடைகள் உள்ளன. 1994ஆம் ஆண்டு ஏழு வல்லரசுகளின் மாநாட்டுக்கு வந்த அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன், தி மத்தேயோக் கடையிற் பீட்சா உண்டார். இதற்குக் கடிதச் சான்று வேண்டியதில்லை. பலர் கண்ணாற் கண்டது. அல்பா வாயிலருகே உள்ள கடையோ 1738இல் நடமாடும் விற்பனையாளருக்குப் பீட்சா சுட்டுக் கொடுத்த இடமாகத் தொடங்கி, 1830இல் அமர்ந்து உண்ணும் சாலையானது என்பர்.

செராவோ அம்மையார் இன்னுமொரு செய்தியும் கூறியுள்ளார். நாப்போலியார் ஒருவர் உரோமாபுரியிற் பீட்சாக் கடை திறந்தாராம். முதலிற் கூட்டம் மோதிற்று. பின்னர் மெல்லக் குறைந்து, கடை மூடப்பட்டது. பிறந்த தெருவை விட்டுப் பெயர்த்தால் அது வாழாது என்பது அம்மையாரின் கருத்து. அவர் கருத்து இவ்வொன்றிற் பொய்த்தது. வறுமையினாற் கப்பலேறிய தென்னித்தாலியர் தம்மோடு அக்கைவேலையையும் கொண்டுபோயினர். நியூயோர்க் நகரிலே 1905ஆம் ஆண்டு லொம்பார்டி என்பவர் தொடங்கிய கடை முதலாவது என்பது வழக்கு. அதற்கு முன்னரும் கடைகள் இருந்தன என்பர் ஆராய்ச்சியாளர். அங்கே விறகுக்குப் பதில் நிலக்கரி எரிந்தது. பீட்சா அகன்று, சற்று முறுகலாகித் துண்டு துண்டாக விலைப்பட்டது. சிக்காகோவில் 1943ஆம் ஆண்டு தோன்றிய வகை ஆழமான தட்டிற் சுடப்படுவது. அது வேக நெடுநேரம் எடுக்கும். மேலே கிடந்தாற் பாற்கட்டி கருகுமாதலின் அதனைக் கீழே இட்டு, தக்காளியை மேலே ஊற்றுவர். வயிறு நிறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை மடித்துக்கொண்டு நடக்க முடியாது.

அன்னாசியைப் பற்றிய சண்டையே மிகப் பெரிது. 1962ஆம் ஆண்டு கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய சாம் பனோபுலோஸ் என்பவர் தகரத்தில் அடைத்த அன்னாசியைப் பீட்சாவில் இட்டுப் பார்த்தார். ஹவாய்ப் பீட்சா என்பது அதுவே. 2017ஆம் ஆண்டில் ஐசுலாந்தின் ஜனாதிபதி ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சென்றபோது, மாணவர் கேள்விக்கு விடையாக, தம்மால் முடியுமாயின் இதனைத் தடை செய்துவிடுவேன் என்றார். உலகமே இரண்டுபட்டது, தமக்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்று அவர் பின்னர் விளக்கம் கூறவேண்டியதாயிற்று. அன்னாசி புறநாட்டது என்று வெறுப்பவர்க்குத் தக்காளியும் புறநாட்டதே என்று விடை கூறலாம். அன்னாசியின் சாறு மாவை நனைத்துவிடும் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் விடை கூறுதல் கடினம்.

இவ்வாறு பெயர் பரந்து பொருள் திரிந்ததைக் கண்ட நாப்போலியார், 1984ஆம் ஆண்டில் ஒரு சங்கம் அமைத்துத் தம் முறையை வரையறுத்தனர். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குச் சட்டக் காப்பு அளித்தது. குறுக்களவு 35 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. ஓரம் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை உயர்ந்திருக்கலாம். உணவை அடிமட்டத்தால் அளப்பது நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும் பிறந்த ஊரின் பெயரைக் காக்க வேறு வழி அவர்க்கு இருக்கவில்லை. 2017 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் நாப்போலிப் பீட்சாக்காரரின் கைத்திறனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. பண்டத்துக்கு அன்றி அதனைச் செய்யும் கைக்கு அம்மதிப்புக் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

அக்கைகளுட் பெண்களின் கைகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சினால் நகரம் சிதைந்து, விறகும் நல்ல மாவும் அரிதான காலத்தில், பெண்கள் தம் ஒற்றையறை வாசலிலே எண்ணெய்ச் சட்டியை வைத்துப் பீட்சாவைப் பொரித்து விற்றனர். 1954ஆம் ஆண்டு வித்தோரியோ தே சீக்கா எடுத்த 'நாப்போலியின் பொன்' என்ற திரைப்படத்தில் சோபியா லோரன் அத்தகைய பெண்ணாக நடித்தார். அப்படத்தின் அப்பகுதிக்குப் பெயரே 'கடனுக்குப் பீட்சா'. இன்று உண்ணுங்கள், எட்டு நாளிற் கொடுங்கள் என்ற அறிவிப்பு அக்கடையில் இருக்கும். மோதிரம் ஒன்று மாவுக்குள் விழுந்து போயிற்று என்று மனைவி சொல்ல, கணவன் அன்று வாங்கியவர்களை வீடு வீடாகத் தேடிப் போகின்றான். மோதிரம் உண்மையில் எங்கே இருந்தது என்பதைப் படம் பார்ப்போர் அறிவர்.

இன்று அந்நகரத்துப் பெரிய கடைகளில் எட்டு நாட் கடன் இல்லை. விலையை அன்றே கொடுத்தல் வேண்டும். ஆனால் சானித்தா என்னும் பழைய ஏழைப் பகுதியில் வேறொரு வழக்கம் உண்டு. வசதியுள்ளவர் ஒன்றை உண்டு இரண்டுக்குக் காசு கொடுத்துப் போவர். பிறகு ஒருவர் வாசலில் நின்று, யாரேனும் வைத்துவிட்டுப் போனது உண்டா என்று கேட்பார். இருந்தால், கடைக்காரர் பெயரும் ஊரும் கேளாது, சுடச்சுட ஒன்றை எடுத்து நான்காக மடித்துக் கொடுப்பார்.