இந்தப் படம் சோறு போடுமா?

(ஆசிரியர்களுக்கான கலைப் பயிற்சி முகாம் ஒன்றில் படக்கதை ஓவியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் படக்கதை வரைபவன். எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. கதை யோசிப்பது, வரைவது, எழுத்துப் போடுவது, அச்சகத்துக்கு அலைவது, கட்டு கட்டாக வாங்கிவந்து விற்பது என எல்லாம் நானே. பள்ளிகளுக்குப் பயிற்சி தரப் போகும்போது ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "சார், எங்க வகுப்புல ஒரு பையன் நோட்டோட பின்பக்கம் பூரா வரைஞ்சே வெச்சிருக்கான். நல்லாத்தான் வரையறான். அவங்க அப்பா வந்து, இது சோறு போடுமானு கேக்கறார். நான் என்ன சொல்றது?" இன்றைக்கு அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வேலையில் இறங்கலாம் என்றிருக்கிறேன்.

முதலில் என் வாரத்தைச் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் ஐந்தாறு கட்டங்கள். பென்சிலுக்கு ஒரு நாள், மைக்கு ஒரு நாள், எழுத்துக்கு அரை நாள். படிப்பவர் அந்தப் பக்கத்தை அரை நிமிடத்தில் புரட்டிவிடுவார். புரட்டத்தான் வேண்டும். அங்கேயே நின்று "ஆகா, என்ன கோடு!" என்று ரசிக்கிறார் என்றால் கதை ஓடவில்லை என்று பொருள். வாரத்தில் மூன்று நாள் இதற்கு. மற்ற நாள்கள் வீட்டு வாடகைக்கு. குழந்தைகள் நூலுக்கு ஓவியம், புத்தக அட்டை, விளம்பரப் படத்துக்கு ஸ்டோரிபோர்டு, கல்யாணப் பத்திரிகைக்கு மாப்பிள்ளை பெண் கேலிச்சித்திரம். இந்தக் கடைசி வேலை தை, வைகாசி, ஆவணியில் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் வராது. என் வீட்டில் நாள்காட்டியை என்னைவிட என் மனைவி கவனமாகப் பார்ப்பார்.

அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். கதை 48 பக்கத்தில் முடிந்தால் மூன்று பாரம். 50 பக்கம் ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்காகச் செலவு ஏறும். ஆகவே என் கதையில் யார் எப்போது சாக வேண்டும் என்பதைச் சில சமயம் அச்சகம்தான் முடிவு செய்கிறது. பிறகு கடைக்காரருக்குக் கழிவு. மிச்சம் கைக்கு வருவது விற்ற பிறகு.

எழுத்துக்கு அரை நாளா என்று நீங்கள் கேட்கலாம். தமிழில் அதுதான் கடினமான பகுதி. "போய்க்கொண்டிருக்கிறார்களா?" இது ஒரே சொல். பேச்சுக்குமிழின் அகலத்தை முழுதாக அடைத்துவிடும். நடுவில் வெட்டினால், புதிதாக வாசிக்கக் கற்ற குழந்தை இரண்டாம் வரியில் தடுக்கி விழும். "போறாங்களா?" என்று பேச்சுத் தமிழில் எழுதினால் அடங்கிவிடுகிறது. ஆனால் எந்த ஊர்ப் பேச்சு? நெல்லைப் பாட்டி "போறாவளா?" என்பார். குமிழுக்குள் இருக்கும் ஒன்றிரண்டு சொல்லில் அந்த ஆளின் ஊர், வயது, கோபம் எல்லாம் தெரிய வேண்டும். முகத்தில் ஏற்கெனவே கோபம் வரைந்திருந்தால், "எனக்குக் கோபமாக இருக்கிறது" என்று எழுதவே கூடாது. முதலில் பேசுபவரின் குமிழ் மேலே இடப்பக்கம் வர வேண்டும். அதற்காக ஆளையே இடம் மாற்றி வரைய நேரும். இதைவிடக் கறாரான மொழிப் பயிற்சி எனக்குத் தெரியாது. தமிழாசிரியர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு நிறுவனத்துக்கு வரைந்து கொடுத்துவிட்டுப் போகலாமே? போகலாம். அமெரிக்காவில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்கள் அப்படித்தான் 1938இல் தங்கள் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பாத்திரம் உலகத்தைச் சுற்றிப் பறந்தது. அவர்கள் இருவரும் வறுமையில் இருந்தார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1975 இறுதியில்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்று தங்கள் பெயர் வரும் உரிமையும் கிடைத்தன.

இன்னொருவர் ஜெஃப் ஸ்மித். அனிமேஷன் நிறுவனத்தை நண்பர்களுடன் நடத்திக்கொண்டிருந்தவர், 1991இல் 'போன்' என்ற படக்கதையைக் கறுப்பு வெள்ளையில் தாமே வெளியிடத் தொடங்கினார். அவருடைய மனைவி விஜயா ஐயர், தொழில்நுட்பத் துறையில் தாம் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்து பதிப்பு, கணக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். 55 இதழ்கள். முடிந்தது 2004இல். மொத்தம் 1300 பக்கங்களுக்கு மேல். அடுத்த ஆண்டு முதல் ஸ்காலஸ்டிக் அதை வண்ணத்தில் வெளியிட, பள்ளி நூலகங்களுக்குள் போனது. உரிமை அவர் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் 'தனி ஆளாகச் சாதித்தார்' என்பார்கள். வீட்டில் ஒருவர் கணக்கைப் பார்த்ததால்தான் மற்றவரால் வரைய முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஹார்வி பீக்கர். கிளீவ்லாந்தில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் கோப்புகளை எடுத்துவைக்கும் எழுத்தர். ஓய்வு பெறும்வரை அந்த வேலையை விடவில்லை. 1976 முதல் தம் அன்றாட வாழ்க்கையையே, கடையில் வரிசையில் நிற்பது உட்பட, படக்கதையாகச் சொந்தச் செலவில் வெளியிட்டார். அவருக்கு வரைய வராது. குச்சி மனிதர்களைக் கட்டத்துக்குள் போட்டு ஓவியர்களிடம் கொடுப்பார், அவர்கள் வரைவார்கள். "எனக்குப் படமே வராது சார்" என்று இங்கே காலையில் சொன்ன ஆசிரியர்கள் இவரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊருக்கு வருவோம். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் வந்தன. உங்களில் பலருக்கு இரும்புக்கை மாயாவி பழக்கமானவர்தான். அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கதைகளின் தமிழாக்கம். தமிழிலேயே யோசித்து வரைந்தவர்களும் உண்டு, ஆனால் குறைவு. படிக்க ஆள் இல்லாமல் அல்ல. வரைபவருக்கு அடுத்த கதைவரை தாக்குப்பிடிக்க வழி இருக்கவில்லை.

இங்கே ஒரு சிறு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். என் 32 பக்கக் கதை ஒன்று பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. சுற்றிச் சுற்றி எனக்கே வந்தது, "மாணவர்களுக்குப் பயனுள்ளது, பகிரவும்" என்ற குறிப்புடன். கழற்றப்பட்டிருந்தவை அட்டையும் கடைசிப் பக்கமும். அதாவது என் பெயர் இருந்த இரண்டு இடங்கள். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். வகுப்பில் ஒரு கதையைக் காட்டும்போது "இதை வரைந்தது இன்னார்" என்று சொல்லுங்கள். பள்ளி நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்குங்கள். குழந்தைகளுக்கு அதில் ஒரு செய்தி போய்ச் சேரும்: இதை ஒரு மனிதர் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

சரி, அந்த அப்பாவுக்கு என்ன பதில்? உண்மையைச் சொல்லுங்கள். தமிழில் படக்கதை மட்டும் வரைந்து குடும்பம் நடத்துவது இன்று மிகக் கடினம். ஆனால் படக்கதை வரையத் தெரிந்தவருக்கு அனிமேஷன், பாடநூல் ஓவியம், விளம்பரம், சினிமா, கணினி விளையாட்டு என்று வேறு கதவுகள் இருக்கின்றன. படிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டாம், நோட்டைப் பிடுங்கவும் வேண்டாம். பையனிடம் ஒன்று கேளுங்கள்: "முழுசா ஒரு கதை முடிச்சிருக்கியா?" பத்து மாயாவி முகம் வரைவது எளிது. எட்டுப் பக்கக் கதையை முடித்துக் காட்டுவது வேறு. அதை முடித்தால் ஊஞ்சலுக்கோ தேன்சிட்டுக்கோ அனுப்பி வையுங்கள். மூக்கு கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள். கதை புரியாத இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மேசையில் ஆளுக்கு ஓர் ஏ4 தாள் வைத்திருக்கிறேன். மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரியுங்கள். எட்டுக் கட்டம் வரும். நீளவாக்கில் நடு மடிப்பில், நடுவில் உள்ள இரண்டு கட்டங்களின் அளவுக்கு மட்டும் கத்தரியுங்கள். இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். இன்று காலை வீட்டிலிருந்து இங்கு வந்து சேர்ந்த கதையை வரையுங்கள், குச்சி மனிதர் போதும். முதல் பக்கத்தில் தலைப்பு. அதன் கீழே உங்கள் பெயர். பெயரை இப்போதே எழுதிவிடுங்கள்.