தினைப்புனத்தில் கொக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மண்ணில் யார் பேச எழுந்தாலும் காரைக்கால் அம்மையாரை நினையாமல் தொடங்குதல் இயலாது. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழாவில் நாம் கொண்டாடும் அந்த அன்னை, அழகிய வடிவத்தை உதறிவிட்டுப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர். கோயில் மண்டபத்தை விட்டுச் சுடுகாட்டைப் பாடுகளமாகக் கொண்டவர். அவருடைய திருவாலங்காட்டுப் பதிகங்களுக்கு 'மூத்த திருப்பதிகம்' என்று பெயர். தேவார மூவர் தோன்றிப் பதிகம் என்பது ஒரு பெருமரபாக வளர்வதற்கு முன்னரே பாடியவர் என்பதால் 'மூத்த' என்றனர். மரபுக்குப் பெயர் அமையும் முன்பே அதைத் தொடங்கி வைத்தவரை நாம் முன்னோடி என்கிறோம்.

இச்சொல்லை இன்று நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் என் வகுப்பு மாணவர் ஒருவர். அமெரிக்க நாட்டு ராக் இசையில் தோய்ந்தவர் அவர். டெட்ராய்ட் பகுதியில் 1960களில் எழுந்த 'எம்சி5' என்னும் குழுவைப் பற்றியும், அதன் பாடகர் ராப் டைனரைப் பற்றியும் ஒருநாள் ஆர்வத்தோடு கூறினார். 1968 ஆகஸ்டில் சிகாகோ நகரப் பூங்காவில், வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்ட இளைஞர் கூட்டத்தின் முன் பாடிய குழு அது. 'பங்க்' என்ற பெயர் ஓர் இசை வகைக்கு நிலைபெறுவதற்கு முன்பே அந்த முரட்டுக் குரலில் பாடியவர் டைனர். 1991இல், 46ஆம் வயதில் மறைந்தார். பெரிய அரங்குகள் மறந்தாலும் அவர் குரலைக் கேட்டவர்கள் மறக்கவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு அம்மாணவர் கேட்டார்: "அம்மா, அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நின்று பாடிய இப்படி ஒரு பாடகர் நம்மிடம் உண்டா?"

உண்டு என்று சொன்னேன். பெயரையும் சொன்னேன். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பிழை மாணவருடையது அன்று. தமிழ் கற்பிக்கும் எங்களுடையது.

அவர் பெயர் விசுவநாததாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்தார். மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தார். முடிதிருத்தும் தொழிலுக்குரியதென்று ஒதுக்கப்பட்ட மருத்துவர் குலத்தவர். முருகனாகவும் கோவலனாகவும் வேடம் புனைந்து தமிழ்நாட்டு நாடக மேடைகளில் பாடியவர். விடுதலைப் பாடல்களுக்காக 29 முறை சிறை சென்றவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறும்.

அவர் பாடிய மேடையின் இயல்பை இளைஞர்களுக்காகச் சற்றே விளக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களே அந்த மேடையின் மூலதனம். சுவாமிகள் 1922இல் நம் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் உள்ள அவருடைய நினைவிடத்தில் கலைஞர்கள் இன்றும் கூடி வணங்குகின்றனர். நாடகக் கம்பெனிகள் ஒருபுறமிருக்க, 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறை எழுந்தது. அதில் நிலையான குழு இல்லை. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் மற்றோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தவுடன் நாடகம் தொடங்கும், விடியும்வரை நடக்கும். சுவாமிகளின் பாடம் எல்லார்க்கும் மனப்பாடம். அந்தப் பாடத்துக்கு இடையே தர்க்கம் வளர்க்கவும், புதுப் பாட்டு நுழைக்கவும் நடிகருக்கு முழு உரிமை உண்டு.

இந்த உரிமையில்தான் விடுதலைப் போர் நுழைந்தது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நாடகத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. ஆனால் வள்ளி திருமணத்தை எப்படித் தடை செய்வது? முருகன் கதை அது. ஊர்த் திருவிழாவில் நடப்பது. அந்தக் கதைக்குள் எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரும் என்பது நடிகர் வாய் திறக்கும்வரை எவர்க்கும் தெரியாது. ஆகவே நாடகத்தை விட்டுப் பாட்டையும், பாட்டை விட்டுப் பாடகரையும் காவலர் தேடிச் சென்றனர். அவையில் மக்களோடு காவலரும் அமர்ந்தனர். கதர் உடுத்து மேடையேறிய விசுவநாததாஸ், அவர்களைக் கண்டும் பாடினார்.

அவர் பாடல்களுள் பெரும்புகழ் பெற்றது கொக்குப் பாட்டு. இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்திற்குப் பாடல் எழுதியவரும் இவரே. எங்கிருந்தோ பறந்து வந்த வெள்ளைக் கொக்கு நம் நாட்டு வளத்தைக் கவர்கிறது என்பது அப்பாட்டின் சாரம்.

இங்கே இலக்கிய மாணவர் சற்று நின்று எண்ண வேண்டும். வள்ளியின் தினைப்புனத்தில் கதிர் கவர வருபவை கிளிகள். கொக்கு தினை உண்ணாது. கழியிலும் வயலிலும் மீனையும் தவளையையும் நோக்கி ஒற்றைக் காலில் நிற்கும் பறவை அது. கடலோரத்தில் வாழும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுவதில்லை. கொட்டகையில் அமர்ந்திருந்த உழவரும் பரதவரும் இதை அறிந்தவர்களே. தினைப்புனத்தில் கொக்கு என்றவுடனே, இது பறவை அன்று என்பது அவர்களுக்கு விளங்கிவிடும். இயற்கைக்குப் பொருந்தாத அந்த ஒரு சொல்லே பொருளின் திறவுகோல். வழக்கு மன்றத்திலோ, அது பறவை விரட்டும் பாட்டு.

இதற்குத் தொல்காப்பியம் ஒரு பெயர் வைத்திருக்கிறது. தெய்வம் நீங்கலான கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு, சொல்லாத ஒன்றைக் கேட்போர் உள்ளத்தில் உணர்த்துவது உள்ளுறை. குறுந்தொகையில் கபிலர் ஒரு குருகை நிறுத்துகிறார். தலைவன் தலைவியை மணந்த பொழுதில் அருகில் இருந்தது, ஆரல் மீன் பார்த்து நின்ற அக்குருகு ஒன்றே. அதன் காலுக்கு அவர் காட்டும் உவமை தினைத்தாள். கபிலரின் குருகு வாய் பேசாச் சான்று. பாஸ்கரதாஸின் கொக்கு கையும் களவுமாகப் பிடிபட்ட கள்வன். இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். ஆயினும் சொல்லாமல் சொல்லும் அந்த நுட்பம் ஏட்டில் மட்டும் உறங்கவில்லை; பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர் நடுவில் உயிரோடு இருந்தது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளையர் ஆட்சி அவரைச் சிறையில் வைத்தது. நம்மவர் அவரைச் சாதியில் வைத்தனர். அவர் குலத்தைக் காரணம் காட்டி அவரோடு இணைந்து நடிக்க மறுத்தோர் இருந்தனர். முருகன் வேடத்தில் அவர் மேடையேறினால் கைகூப்பிய அவை, வேடம் கலைத்தபின் எந்த வாசலில் அவரை நிறுத்தியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பாட்டுக்கு வந்த தடை 1947இல் நீங்கியது. மற்றத் தடைக்கு நாள் குறிக்க என்னால் இயலவில்லை.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே விசுவநாததாஸின் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 54. வேடம் கலையாத அந்த உடலை மக்கள் ஊர்வலமாக எடுத்துச் சென்றனர் என்பது மேடைக் கலைஞர் வாய்மொழியில் இன்றும் நிற்கும் செய்தி.

இவ்வூரில் பிறந்த என் தாத்தா அவருடைய அடியாருள் ஒருவர். அடியார் என்ற சொல்லை அறிந்தே சொல்கிறேன். பதினான்கு வயதுப் பையனாக, பிரெஞ்சு எல்லையைக் கடந்து, பிரிட்டிஷ் பகுதியில் எங்கேயோ ஒரு கொட்டகைக்கு நடந்து சென்று அவரைக் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு முறைதான். அந்த ஓர் இரவை அறுபது ஆண்டுகள் பேசினார். வலை சீர் செய்யும்போது அவர் வாயில் மேடைப் பாட்டு இருக்கும். "குரல்னா அது குரல் இல்லைம்மா, காத்து" என்பார். அவருடைய தகரப்பெட்டியில் காலணா, அரையணா விலைக்கு வாங்கிய பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு இருந்தன.

நான் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிய நாளில், மேடைப் பாடல்களை ஆராய விரும்புகிறேன் என்று ஒரு மூத்த பேராசிரியரிடம் கூறினேன். "தெருப்பாட்டுக்கெல்லாமா பட்டம்? உருப்படியாக ஒன்றை எடுங்கள்" என்றார். நான் வாதிடவில்லை. அகநானூற்றில் உள்ளுறை என்ற தலைப்பை எடுத்தேன், பட்டமும் பெற்றேன். உள்ளுறையைச் சங்கப் பாடலில் தேடிய அந்த ஐந்தாண்டுகளில், உயிருள்ள உள்ளுறை எங்கள் வீட்டுப் பரணில் தகரப்பெட்டிக்குள் கிடந்தது.

தாத்தா மறைந்தபின் வீட்டை ஒழித்தபோது, பழைய தாள்காரர் தராசோடு வந்தார். அந்தக் கட்டைத் தராசில் எடுத்து வைத்தவள் நான்தான். தாள்கள் பொடிந்திருந்தன, அட்டைகள் இல்லை, அச்சுப் பிழைகள் மலிந்திருந்தன. அது நூலாக என் கண்ணுக்குப் படவில்லை. அந்தப் பேராசிரியரின் கண்ணை நான் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பது பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. அவர்மீது எனக்கு இன்று வருத்தமில்லை. அவர் சொன்னதை நம்பியது என் குற்றம்.

அவையோரே! திருமங்கலத்தில் விசுவநாததாஸுக்கு நினைவு இல்லம் இருக்கிறது. பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் நூலாக வந்துள்ளன. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றும் வள்ளி திருமணம் ஆடுகின்றனர். ஆகவே எல்லாம் அழிந்துவிட்டது என்று புலம்ப நான் வரவில்லை. ஆனால் பாடியவர்க்கு நினைவிடம் உண்டு, கேட்டவர்க்கு இல்லை. ஒரு பாடகர் யார் என்பதைக் கேட்டவர் நினைவே முழுமையாகச் சொல்லும். அந்த நினைவு நம் வீட்டுத் திண்ணைகளில் இருக்கிறது. ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கடற்கரையில் கடல் உட்புகுந்தபோது உயிர்களோடும் வீடுகளோடும் எத்தனை பெட்டிகளை அது கொண்டு சென்றதோ! கடல் கொண்டதற்கு நாம் பொறுப்பல்லோம். தராசில் வைத்ததற்குப் பொறுப்புண்டு.

இந்த இலக்கிய வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம் வைத்து அமைகிறேன். பத்தாண்டுகளாகத் திருக்குறளும் சிலம்பும் பேசினீர்கள், தொடர்ந்து பேசுங்கள். அடுத்த பத்தாண்டுகளில், திங்களுக்கு ஒரு மாலைப் பொழுதை இவ்வூர் முதியோரிடம் கேட்பதற்கு ஒதுக்குங்கள். வலை இழுக்கும் அம்பாப் பாட்டும், ஒப்பாரியும், தாத்தா வாயிலிருந்து தந்தை வாய்க்கு வந்த மேடைப் பாட்டும் எதுவாயினும், பாடியவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். மாணவர் கையில் இன்று இருக்கும் கைப்பேசியே அதற்குப் போதுமானது. முதல் மாலைக்கு நான் வருகிறேன். தாத்தா வாயில் கேட்ட பாட்டில் எனக்கு நினைவிருப்பது நான்கே அடிகள். அவற்றை முதலில் பதிந்துகொள்ளுங்கள்.