கன்ஹேரிக் குன்றில் ஒரு பகல்



மேற்கு மாம்பலத்தில் இருப்புப்பாதையை அடுத்து வாழ்பவன் நான். முன்பொருமுறை என் மாணவன் ஒருவன், "ஐயா, இந்த இரைச்சலில் எங்கே அமர்ந்து படிப்பது?" என்று கேட்டான். "விலகி எங்கேனும் அமைதியான இடத்துக்குப் போ" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அவ்விடை பாதியே சரியென்பதை மும்பையை அடுத்த கன்ஹேரியில் உணர்ந்தேன்.

போரிவ்லியில் மின்ரயிலை விட்டிறங்கிக் காட்டுவழியே சென்றால், கரும்பாறைக் குன்றொன்றில் 100-க்கு மேற்பட்ட குகைகள் உள்ளன. கி.மு. 1-ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பல நூற்றாண்டுகள் பௌத்தத் துறவியர் வாழ்ந்த இடம் அது. மூன்றாம் குகையின் முகப்பில் இருபுறமும் இருபது அடிக்கு மேல் உயர்ந்த புத்தர் உருவங்கள் நிற்கின்றன. உள்ளே, தூண் வரிசைகளுக்கு அப்பால் ஒரு தூபி. நம் காலடியோசையே நமக்குக் கூச்சம் தரும் அமைதி!

ஆயினும் என் கருத்தைக் கவர்ந்தவை கல்வெட்டுக்களே. அவை யாருடைய கொடைகளைக் கூறுகின்றன? கல்யாண், சோபாரா முதலிய துறைமுக நகரங்களின் வணிகர் கொடைகளை! சந்தை இரைச்சலில் ஈட்டிய பொருளே இவ்வமைதியைக் குடைந்தது. குகையோடு நீர்த்தொட்டியையும் சேர்த்தே வழங்கியிருக்கிறார்கள். பாறையில் வெட்டிய கால்வாய்களின் வழியே மழைநீர் இறங்கித் தொட்டிகளில் நிறையும். கோடைதோறும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நம் மாம்பலத்தார், புத்தரை வணங்கிய பின் இத்தொட்டிகளையும் பார்க்கவேண்டும்.

சிற்றறை ஒன்றின் கல்திண்ணையில் அமர்ந்தேன். ஒருவன் படுக்க மட்டுமே போதும் இடம். அதையும் யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். அம்மாணவனின் முகம் நினைவுக்கு வந்தது. அந்நாளில் பள்ளி நூலகத்தின் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு நானே அதைப் பூட்டிவிட்டு வீடு திரும்புவேன்.